நீங்கள்தான் என்பதை உறுதிசெய்யவும்

நான்தான் என்று சொல்கிறேன், நம்பமாட்டேன் என்கிறது. கடவுச்சொல் சரி என்கிறது. பிறந்த தேதி சரி. படித்த பள்ளிக்கூடத்தின் பெயர் சரி. நான் மனிதப் பிறவிதானா என்று பார்க்க ஒரு தெருவைக் கட்டம் கட்டமாக வெட்டிப் போட்டு, மோட்டார் சைக்கிள் இருக்கும் கட்டங்களைத் தொடச் சொன்னது, தொட்டேன். ஒரு கட்டத்தின் ஓரத்தில் வண்டியின் கண்ணாடி மட்டும் எட்டிப் பார்த்தது. கண்ணாடி வண்டியில் சேர்த்தியா இல்லையா என்று கொஞ்ச நேரம் குழம்பி, சேர்த்திதான் என்று முடிவுகட்டி அதையும் தொட்டேன். மனிதப் பிறவி என்று ஒப்புக்கொண்டது. ஆனால் அந்தப் பிறவி ரேணுகாதான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்கிறது. 'நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் கணினிக்கு ஓர் அறிவிப்பு அனுப்பியிருக்கிறோம். அதில் ஆம், நான்தான் என்பதை அழுத்தவும்.' வழக்கமான கணினி இதோ மேசையின் இடது ஓரத்தில் செத்துக் கிடக்கிறது. அது செத்ததால்தான் புதிது வாங்கி, புதிதின் முன்னால் உட்கார்ந்து, உள்ளே விடு என்று கெஞ்சிக்கொண்டிருக்கிறேன். செத்தவரிடம் போய்ச் சாட்சிக் கையெழுத்து வாங்கி வா என்கிறது இது. போனில் அழுத்தலாமே என்றால் போனும் புதிது. பழையதின் பேட்டரி பூரி மாதிரி உப்பிப்போய், போன மாதம்தான் கடையில் கொடுத்து மாற்றினேன். அதனால் போனையும் முன்பின் தெரியாத ஆளாகத்தான் பார்க்கிறது. கீழே சிவப்பு எழுத்தில் ஒரு வரி: இன்று மாலை ஆறு மணிக்குள் உறுதிசெய்யாவிட்டால் உங்கள் பாதுகாப்புக் கருதி இந்தக் கணக்கு நிரந்தரமாக மூடப்படும். என் பாதுகாப்புக் கருதி. எனக்கு எதிராக என்னைப் பாதுகாக்கிறார்கள். எவ்வளவு அக்கறை.

உள்ளே என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால் எல்லாம் என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு சரக்குப்பெட்டகக் கம்பெனிக்காகத் தனியாளாக எழுதிக்கொண்டிருக்கும் நிரல் முழுவதும் அதற்குள் இருக்கிறது, திங்கட்கிழமை ஒப்படைக்க வேண்டும். அதற்கு முன் எழுதியவை, அதற்கும் முன் எழுதிப் பாதியில் விட்டவை, புகைப்படங்கள், வருமான வரி, சொந்தக்காரர்கள் முகவரி, மருத்துவ அறிக்கை. நகல் எடுத்து வைக்கவில்லையா என்று கேட்பார்கள். வைத்திருக்கிறேன். இருபது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறவள் நகல் இல்லாமல் இருப்பேனா. அலமாரிக்குள் ஒரு டப்பாவில் பத்திரமாக இருக்கிறது. யாரும் திருடிவிடக் கூடாது என்று அந்த நகலைப் பூட்டி வைத்திருக்கிறேன். பூட்டைத் திறக்கும் நீளமான சாவிச்சொல் மனதில் நிற்காது என்று அதை ஓர் இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன். அந்த இடம் இந்தக் கணக்குக்குள் இருக்கிறது. வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துவிட்டுக் கதவைச் சாத்துவது மனிதர்கள் செய்வது. கதவைச் சாத்திவிட்டு, என்ன பாதுகாப்பு, என்ன பாதுகாப்பு என்று தன்னைத்தானே மெச்சிக்கொள்வது எங்கள் கூட்டம் மட்டும் செய்வது. நேற்று அதை உணர்ந்த நிமிடத்தில் சிரிப்புத்தான் வந்தது. பக்கத்தில் யாராவது இருந்திருந்தால் சொல்லிச் சிரித்திருப்பேன். யாரும் இல்லாததால் சிரிப்பு தொண்டையிலேயே நின்று கொஞ்ச நேரத்தில் வேறு என்னமோவாக மாறிவிட்டது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

மேல்மாடியில் எவனோ சுவரைத் துளைக்கிறான். காலையிலிருந்து துளைக்கிறான். ஒரு குடித்தனத்துக்கு இத்தனை ஓட்டை எதற்கு. துளையிடும் சத்தம் நின்றால் கீழே தண்ணீர் லாரியின் மோட்டார் கேட்கிறது, அது நின்றால் இந்தப் புதுக் கணினியின் விசிறி. ஒன்றுமே செய்யாமல் சும்மா நிற்கும்போதே இதற்கு மூச்சு வாங்குகிறது. என்ன வேலையடா பார்க்கிறாய் என்று பட்டியலைத் திறந்து பார்த்தால் நான் கூப்பிடாத ஆட்கள் நாற்பது பேர் உள்ளே உட்கார்ந்திருக்கிறார்கள். வானிலை சொல்கிறவன் ஒருவன், செய்தி சொல்கிறவன் ஒருவன், நான் என்ன தட்டச்சு செய்யப்போகிறேன் என்று ஊகிக்கிறவன் ஒருவன். அவன்தான் என்னைப் படுத்துகிறவன். 'அன்புள்ள' என்று தொடங்கினால் மீதியை அவனே சாம்பல் எழுத்தில் போட்டுக் காட்டுகிறான், சம்மதமா என்று. பாதி நேரம் சம்மதம்தான், அதுதான் வயிற்றெரிச்சல். நிரல் எழுதும் செயலியே ஒரு காலத்தில் ஒரு பிளாப்பியில் அடங்கும். இப்போது அதைத் திறந்தால் கல்யாண மண்டபத்தில் பந்தி போடுவது போல ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்து, கடைசியில் ஒரு வெள்ளைப் பக்கத்தைக் காட்டுகிறது. திரையில் 'வணக்கம்' என்று ஒரு வார்த்தை காட்ட வேண்டும் என்றால் ஊர் பேர் தெரியாத முந்நூறு பேர் எழுதிய முந்நூறு நிரல் பொட்டலங்களை இணையத்திலிருந்து இறக்க வேண்டும். அந்த முந்நூறில் ஒருவன் மனம் சலித்துத் தன் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டால் என்னுடைய வணக்கம் நின்றுவிடும். அந்த ஒருவன் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. அவனும் ஏதோ ஓர் ஊரில் ஓர் அறையில் தனியாக உட்கார்ந்திருப்பான், அவன் பெயரை நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

பழையது செத்த விதமும் அலாதி. ஓடிக்கொண்டிருந்த கணினி, எந்த வம்புக்கும் போகாதது. ஒரு புதுப்பிப்பு வந்தது. இப்போது வேண்டாம் என்றேன், பிறகு என்று தள்ளினேன், தள்ளிக்கொண்டே இருந்தேன், குளிக்கப் போன நேரம் பார்த்து அதுவே செய்துகொண்டது. 'உங்களுக்கான புதிய அனுபவம் தயாராகிறது, அணைக்க வேண்டாம்.' தலையைத் துவட்டிக்கொண்டே நின்று பார்த்தேன். அந்தச் சதவீதம் ஏறிக்கொண்டே போய் ஓர் இடத்தில் நின்றது. நின்றது நின்றதுதான். கடைக்குக் கொண்டுபோனேன். அங்கே இருந்த பையன் திருப்பிப் போட்டு, பின்மூடியைக் கழற்றி, உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டு மூடிவிட்டான். 'எல்லாம் போர்டோட ஒட்டி வர்றது மேடம். மெமரி தனி, டிஸ்க் தனின்னு கழட்டுற கதையே இல்ல. போர்டுதான் மாத்தணும். அதுக்குப் புதுசே எடுத்துடலாம்.' உள்ளே இருப்பதையாவது எடுத்துக் கொடுக்க முடியுமா என்றேன். 'பூட்டிதான மேடம் வச்சிருப்பீங்க,' என்றான். ஆமாம் என்றேன். 'அப்பக் கஷ்டம்தான்,' என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தான். திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தாள். மேடவாக்கம் கூட்டுரோடு வரைக்கும் என் கை அதன் மேலேயே இருந்தது, ஏன் என்று தெரியவில்லை.

கழற்ற முடிந்த காலம் ஒன்று இருந்தது. சூளைமேட்டில் நானும் என்னோடு வேலை பார்த்த செண்பகவல்லியும் ஓர் அறையில் இருந்தபோது ஆளுக்குப் பாதி போட்டு வாங்கிய கணினிக்கு மூடியே கிடையாது, எப்போதும் திறந்துதான் கிடக்கும். படக்கென்று நின்றுவிட்டால் அவள் ஸ்க்ரூ டிரைவரைக்கூட எடுக்கமாட்டாள், அழிரப்பரைத்தான் எடுப்பாள். மெமரி பட்டையைப் பிடுங்கி, அதன் ஓரத்தில் இருக்கும் தங்கநிறப் பற்களைப் பள்ளிக்கூடப் பிள்ளை தப்புக் கணக்கை அழிப்பது போல அழிரப்பரால் பரபரவென்று தேய்த்து, வாயால் ஒரு ஊது ஊதி, திரும்பச் செருகுவாள். பீப் என்று ஒரு சத்தம் வரும். அந்த ஒரு பீப்பில் இரண்டு பேரும் சேர்ந்து மூச்சு விடுவோம். 'போட்டுத் தள்ளுட்டி உன் ப்ரோக்ராம,' என்பாள். கோவில்பட்டிக்காரி. எல்லோரையும் அதட்டித்தான் பேசுவாள், அதட்டல் இல்லாமல் அவள் பேசினால் உடம்புக்கு முடியவில்லை என்று அர்த்தம். அலுவலகத்தில் நாங்கள் எழுதியதில் பிழை வந்தால் இரண்டு நாற்காலியை ஒரே திரைக்கு முன்னால் இழுத்துப்போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக வாய்விட்டுப் படிப்போம். ஒருத்தி படிக்க ஒருத்தி கேட்பாள். எத்தனை கருவிகள் வந்துவிட்டன இன்றைக்கு, அப்படிப் பிழை பிடிக்கிற கருவி ஒன்றையும் நான் பார்க்கவில்லை. இன்னொருத்தி காதில் விழும்படி சொன்னால் பாதி வரியிலேயே தப்பு தானாக வெளியே வந்துவிடும். இப்போது நானே படித்து நானே கேட்கிறேன். தப்பு வருவதில்லை, தூக்கம்தான் வருகிறது.

செண்பகவல்லியை இப்போது ஏன் நினைக்கிறேன் என்பதற்குக் காரணம் திரையிலேயே இருக்கிறது. காலையிலிருந்து இருக்கிறது. 'வேறு வழியில் முயல்க' என்பதை அழுத்தியதும் வந்து நின்ற பக்கம். 'இந்தக் கணக்கைத் தொடங்கியபோது, நீங்கள் நீங்கள்தான் என்று சொல்லக்கூடிய நம்பிக்கைக்குரிய ஒருவரைத் தேர்ந்தெடுத்தீர்கள். அவருக்கு ஆறு இலக்க எண் ஒன்றை அனுப்புகிறோம். அவரைத் தொலைபேசியில் அழைத்து அந்த எண்ணைக் கேட்டு இங்கே இடவும்.' கீழே பெயர். முதல் எழுத்தான செ, அதற்குப் பிறகு வரிசையாக நட்சத்திரங்கள். என்னிடமிருந்தே மறைக்கிறது. செ என்றால் எனக்கு இந்த உலகத்தில் ஒருத்திதான். அன்றைக்கு அந்தக் கட்டத்தில் பெயர் போடும்போது ஒரு நொடிகூட யோசித்திருக்கமாட்டேன். இன்றைக்கு யாரையாவது புதிதாகப் போடச் சொன்னால் யாரைப் போடுவேன். அண்ணன் பெயரைப் போடலாம். அண்ணன் அது எதற்கு, இது எதற்கு, ஏன் இன்னும் தனியாக இருக்கிறாய், தருமபுரிக்கே வந்துவிடு என்று தொடங்குவார், எண் காலாவதியாகிவிடும். கம்பெனியில் எனக்கு வேலை அனுப்பும் அந்தப் பையன், அவன் முகத்தை நான் பார்த்ததில்லை, அவன் கேமராவைப் போடமாட்டான், நானும் போடுவதில்லை. எதிர்வீட்டு அம்மாளுக்கு என் பெயர் தெரியாது, என்னை நாலு-பி என்றுதான் சொல்வாள், நாலாவது மாடி பி வீடு. போன தடவை கண் ஆஸ்பத்திரியில் கண்ணில் சொட்டுமருந்து விட்டுவிட்டு அங்கிருந்த நர்ஸ் கேட்டாள், 'மேடம், கூட யாரு வந்திருக்கா?' யாரும் வரவில்லை என்றேன். 'மருந்து விட்டா ரெண்டு மணி நேரத்துக்குப் பார்வை மங்கலா இருக்கும், கூட ஆள் வேணும்னு மெசேஜ் அனுப்பியிருந்தோமே மேடம்.' மெசேஜ் வந்தது, படித்தேன், சரி என்று பொத்தானையும் அழுத்தினேன். அழுத்தினால் ஆள் வந்துவிடுமா. மங்கலான கண்ணோடு அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எல்லோருடைய முகமும் ஒன்றுபோலத் தெரிந்தது. பயமாக இருந்தது. இதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை, சொல்கிற மாதிரி ஆளும் இல்லை.

அழைக்க வேண்டியதுதான். அவள் போன் எண் இருக்கிறது, மாறவில்லை. ஆனால் எதைச் சொல்லித் தொடங்குவது. சண்டை ஒன்றும் இல்லை எங்களுக்குள். சண்டை என்று ஒன்று இருந்தால் அதைத் தீர்க்கவாவது பேசலாம். அவளுக்குக் கல்யாணம் ஆனது, கணவருக்கு வங்கி வேலை, ஊர் ஊராக மாற்றல், வேலையை விட்டாள், ராஜ்கோட் என்றாள், பிறகு ஜபல்பூர் என்றாள், கடைசியாகக் கேட்டபோது ராய்ப்பூர். முதலில் மணிக்கணக்கில் பேசினோம். பிறகு நேரம் பார்த்துப் பேசினோம். பிறகு எழுதினோம். பிறகு அந்தச் செய்திச் செயலி ஒரு புது வசதியைக் கொண்டுவந்தது. பிறந்தநாளை அதுவே ஞாபகப்படுத்தும், வாழ்த்தையும் அதுவே எழுதிக் காட்டும், தொட்டால் போதும். நான் தொட்டேன். அவள் பக்கம் அது 'நன்றி, நீ எப்படி இருக்கிறாய்?' என்று காட்டியிருக்கும், அவள் தொட்டாள். என் பக்கம் 'நலம், நீ?' என்று வந்தது, தொட்டேன். 'நலமே' என்று வந்தது. என்னட்டி என்று கேட்கிறவள் வாயிலிருந்து நலமே என்று ஒரு வார்த்தை வருமா. அது அவள் சொன்னதில்லை என்று எனக்குத் தெரியும், நலம் நீ என்பது நான் சொன்னதில்லை என்று அவளுக்கும் தெரிந்திருக்கும். பொங்கலுக்கு ஒன்று, தீபாவளிக்கு ஒன்று, பிறந்தநாளுக்கு ஒன்று. எங்கள் இரண்டு போன்களும் வருடக்கணக்காக நட்பாக இருக்கின்றன. அவற்றுக்குள் ஒரு குறையும் இல்லை. செய்திகளைப் பின்னோக்கித் தள்ளித் தள்ளிப் பார்த்தேன் இப்போது, விரல் வலிக்க. அவளே எழுதிய கடைசி வரி எங்கே இருக்கிறது என்று தேடினேன். ஓர் இடத்தில் இருந்தது. 'ஏட்டி இந்த ஊர்ல இட்லிக்கு ரவைய போடுதாளுவ.' அதற்கு நான் ஒரு சிரிக்கும் முகத்தை அனுப்பியிருக்கிறேன். அதோடு சரி.

அதுவும் இத்தனை காலம் கழித்து எடுத்த எடுப்பில் ஆறு இலக்க எண்ணைச் சொல் என்று கேட்பதா. ஊரில் மோசடிக்காரன் செய்கிற காரியம் அது. யாருக்குப் போன் போட்டாலும் மணி அடிக்கும் முன் ஒரு பெண் குரல் கண்டிப்பாகச் சொல்லிக்கொண்டிருந்ததே, தெரியாதவர்களிடம் எண்ணைச் சொல்லாதீர்கள், தெரிந்தவர் போலப் பேசினாலும் சொல்லாதீர்கள் என்று. செண்பகவல்லி சுலபத்தில் ஏமாறுகிறவளும் இல்லை. நான் இந்தப் பக்கம் என்னை நிரூபிக்க முடியாமல்தான் அவளிடம் போகிறேன், அவளிடமும் நிரூபிக்கச் சொன்னால் எங்கே போவேன். உதவிக்கு என்று ஓரத்தில் ஒரு பொம்மை சிரித்துக்கொண்டு நிற்கிறது, அதையும் கேட்டுப் பார்த்துவிட்டேன். மனிதர் யாரிடமாவது பேச வேண்டும் என்று எழுதினேன். 'புரிகிறது, நீங்கள் மனிதரிடம் பேச விரும்புகிறீர்கள்! கீழ்க்காணும் கட்டுரைகள் உதவக்கூடும்' என்று மூன்று கட்டுரைகளை நீட்டியது. மறுபடி எழுதினேன். மறுபடி புரிகிறது என்றது. இந்த உலகத்தில் எனக்கு நடப்பது எல்லாம் புரிகிற ஒரே ஆள் அதுதான். அழைக்கலாம். இந்தத் துளைச் சத்தம் நிற்கட்டும், அழைக்கலாம். நின்றது. தயிர்சாதம் மேசையிலேயே காய்ந்து கிடக்கிறது, தட்டைக் கழுவிவிட்டு அழைக்கலாம். கழுவினேன். மத்தியானம் எல்லோரும் படுக்கிற நேரம், கொஞ்சம் போகட்டும். கொஞ்சம் போனது. எடுக்காவிட்டால் என்ன செய்வது. எடுத்து, 'யாரு?' என்று கேட்டுவிட்டால். அதுதான். கணக்குப் போவது, நிரல் போவது, திங்கட்கிழமை போவது எல்லாம் ஒரு பக்கம். வேறு வேலை வரும், திரும்ப எழுதலாம், எழுதாமலும் இருக்கலாம். ஆனால் நான் யார் என்று சொல்ல ஒருத்தி இருக்கிறாள் என்று இத்தனை நாள் நட்சத்திரங்களுக்குப் பின்னால் ஒரு பெயர் இருந்தது. யாரு என்று அவள் கேட்டுவிட்டால் அதுவும் இருக்காது. அழைக்காமல் இருந்தால் அது இருந்துகொண்டே இருக்கும். வெயில் சன்னலைவிட்டு இறங்கிவிட்டது. சிவப்பு வரி அப்படியே இருக்கிறது. 'எண்ணை அனுப்பு' என்பதை அழுத்தினேன். இனி அவள் போனில் அந்த எண் போய் நிற்கும், ரேணுகா உதவி கேட்கிறார் என்று. இனி நான் பேசாமல் இருந்தாலும் பேசியதுபோலத்தான். இதுகூட அழுத்தித்தான் நடக்கிறது பார்.

நான் போனை எடுக்கும் முன் அதுவே அடித்தது. செண்பகவல்லி.

'அலோ,' என்றாள். பின்னால் எங்கேயோ இந்தியில் யாரோ காய்கறி கூவினார்கள். 'இந்தா, ரேணுகா உதவி கேக்காங்க, நம்பர் இதுன்னு என்னமோ போட்டு வந்திருக்கு. நீதானா அது?'

'நான்தான் செண்பா.'

'நீதான்னு நான் எப்படி நம்புறது? இப்பக் குரலக்கூட அச்சு அசலாப் பண்ணுதானுவளாம். எங்க வீட்டுக்காரரோட பேங்குலயே ஒருத்தர ஏமாத்திட்டானுவ.'

'சரி, ஏதாவது கேளு. சொல்றேன்.'

கொஞ்ச நேரம் யோசித்தாள். பள்ளிக்கூடத்தின் பெயரும் பிறந்த தேதியும் வரிசையாக என் வாய்க்குள் வந்து நின்றன.

'சூளைமேட்டு ரூம்ல நம்ம கூட இருந்துட்டு, வாடகை மட்டும் குடுக்காதது யாரு?'

'பெருச்சாளி.'

'எங்க இருந்துச்சு?'

'உன் பெட்டிக்குப் பின்னாடி. நீ அதுக்குப் பிஸ்கட் வச்ச. நான் திட்டினேன்.'

'நீயேதான்,' என்றாள். அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை, எதற்கு எண், என்ன ஆச்சு, இத்தனை நாள் எங்கே இருந்தாய், ஒன்றும் இல்லை. 'எழுதிக்க,' என்றாள். ஃபோர் ஜீரோ நைன் ஒன் ஒன் சிக்ஸ் என்று ஒரே மூச்சில் சொன்னாள், கடையில் போன் நம்பர் சொல்வது போல. இட்டேன். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றியது. சிவப்பு வரி போய்விட்டது. மீண்டும் வரவேற்கிறோம், ரேணுகா. எல்லாம் இருந்தது, வைத்த இடத்தில் வைத்தபடி. கோப்புகள் ஒவ்வொன்றாக வந்து வரிசையில் நின்றன. நிரல் இருந்தது. படங்கள் இருந்தன. அந்தப் பக்கம் அவள் போனில் டிங் என்று ஒரு சத்தம் எனக்கே கேட்டது. உங்கள் உதவியால் ரேணுகா உள்ளே வந்துவிட்டார், நன்றி என்று அவளுக்குச் செய்தி போயிருக்கும். அப்படித்தான் எழுதி வைத்திருப்பார்கள், நானாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

'ஆச்சா?' என்றாள். 'உள்ள போயிட்டியா?'

ஆச்சு என்று சொல்ல வேண்டும். ஆச்சு, ரொம்ப நன்றி, பிறகு பேசுகிறேன் என்று சொல்ல வேண்டும். அவள் சரி என்பாள், பார்த்துக்க என்பாள், வைத்துவிடுவாள். அதற்குப் பிறகு பொங்கல் வரும், போன் வாழ்த்தும்.

'இல்ல,' என்றேன். 'தப்புன்னு வருது. இன்னொரு தடவ சொல்லேன்.'

பின்னால் காய்கறிக்காரரின் கூவல் தூரமாகப் போய்க்கொண்டிருந்தது. புது எண் வர வேண்டும் என்றால் நான் இங்கே மறுபடி அழுத்த வேண்டும், நான் அழுத்தவில்லை. அவள் கையில் இருப்பது பழைய எண்ணும், அதற்குக் கீழே நான் உள்ளே வந்துவிட்டேன் என்ற செய்தியும்தான். அதைப் பார்த்துக்கொண்டுதான் நிற்பாள். தெரிந்துபோயிருக்கும்.

'இங்க பேச ஒருத்தி கிடையாதுட்டி,' என்றாள். அதட்டல் இல்லை குரலில். 'பிள்ளைகளும் ஹாஸ்டலுக்குப் போயிட்டு.' பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டாள். 'சரி, எழுதிக்க. மெதுவாச் சொல்லுதேன்.'

'எழுதுறேன்.'

'ஏழு,' என்றாள். முதல் தடவை சொன்னது ஏழில் தொடங்கவில்லை. எழுதினேன். 'ரெண்டு,' என்றாள். 'எழுதிட்டியா?' எழுதிட்டேன் என்றேன். 'பூஜ்யம். எட்டு. எட்டுன்னா எட்டு, ஏழுன்னு எழுதிராத.' இல்ல இல்ல, எட்டுதான். 'அஞ்சு. மூணு.' ஆறு எண் ஆகிவிட்டது. நான் நன்றி சொல்லவில்லை. பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமல் காத்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, 'நாலு,' என்றாள். எழுதினேன். 'ஒண்ணு,' என்றாள். அதையும் எழுதினேன்.